ஸ்காண்டிநேவிய மக்கள் நல அரசுகள்தாம் செழிப்பை உருவாக்கினவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிக வரி வாங்கி, பிறப்பு முதல் முதுமை வரை குடிமக்களைத் தாங்கும் நலத்திட்டங்களை நடத்தினால் ஒரு நாடு தானாகவே செழிக்கும் என்று வாதிடுவோர், சான்றாக முதலில் காட்டுவது சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய மூன்று நாடுகளைத்தான். அங்குள்ள மக்கள் வளமாகவும் அச்சமின்றியும் வாழ்கிறார்கள் என்பதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்த வளத்தை உண்டாக்கியது நல அரசா, அல்லது ஏற்கெனவே உண்டாகியிருந்த வளத்தின் மீது நல அரசு எழுப்பப்பட்டதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. மூன்று நாடுகளில் வரலாறு தெளிவாகப் பதிவாகியிருப்பதும், சோதனைகள் மிகத் துணிச்சலாக நடந்திருப்பதும் சுவீடனில் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இந்நாடுகள் நலத்திட்டங்களால்தானே பணக்கார நாடுகள் ஆயின?

காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுவீடன் ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தது. 1867 முதல் 1869 வரை விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1850க்கும் 1930க்கும் இடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடியர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வட அமெரிக்கா சென்றார்கள்.

அந்த நிலையிலிருந்து நாட்டை மீட்டவை வேறு வகையான சீர்திருத்தங்கள். ஊர்தோறும் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1842இல் சட்டம் வந்தது. 1846இல் கைவினைக் குழுக்களின் ஏகபோகம் ஒழிக்கப்பட்டது. 1864இல் பெண்கள் உட்பட யாரும் எந்தத் தொழிலையும் தொடங்கலாம் என்ற உரிமை பிறந்தது. 1856 முதல் 1866 வரை நிதி அமைச்சராக இருந்த யோஹான் ஆகஸ்ட் கிரிப்பன்ஸ்டெட் சுங்கத் தடைகளைக் குறைத்தார். அவர் காலத்தில்தான் அயல்நாட்டுக் கடனைக் கொண்டு ரயில் பாதைகள் போடப்பட்டன. அரசு சாலையையும் பள்ளியையும் சட்டத்தையும் கவனித்துக்கொண்டது. மற்றதை மக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஸ்வென் விங்க்விஸ்ட். கோத்தன்பர்க் நகரில் களிமண் நிலத்தின்மேல் நின்ற ஒரு நெசவாலையில் அவர் பொறியாளராக இருந்தார். நிலம் அசைந்து கொடுக்கும்போதெல்லாம் இயந்திரங்களைச் சுழற்றும் தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகி, பேரிங்குகள் அடிக்கடி உடைந்தன. தண்டு சாய்ந்தாலும் தானே ஒத்துப்போகும் பால் பேரிங் ஒன்றை அவர் வடிவமைத்தார். 1907இல் எஸ்கேஎஃப் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அதற்கு முன்பே 1876இல் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனும், பாலிலிருந்து ஏடு பிரிக்கும் கருவியோடு 1883இல் ஆல்ஃபா லாவலின் முன்னோடி நிறுவனமும் தொடங்கியிருந்தன. சுவீடன் தன் முதல் பொது ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியது 1913இல். அதற்குள் ஒரு தலைமுறைக்கும் மேலாக அந்நாடு வேகமாக வளர்ந்துவிட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சுவீடனில் சட்டி நிரம்பிய பிறகுதான் அகப்பை செய்யப்பட்டது.

சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்த 1932க்குப் பிறகும் நாடு நன்றாக வளர்ந்ததே?

வளர்ந்தது. ஆனால் அந்த ஆட்சியின் முதல் முப்பது ஆண்டுகளில் இருந்த அரசு, இன்று நாம் கற்பனை செய்யும் பெரிய அரசு அன்று. அக்கட்சியின் தலைவர் பேர் ஆல்பின் ஹான்சன் 1928இல் நாட்டை ‘மக்களின் இல்லம்’ ஆக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார் என்பது புகழ்பெற்ற செய்தி. 1950இலும் சுவீடனின் மொத்த வரி வருவாய் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. அன்றைய அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அதில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் சேராததால் 1945இல் அதன் ஆலைகள் சேதமின்றி நின்றன. இடிந்து கிடந்த ஐரோப்பா அவற்றின் சரக்கை வாங்கக் காத்திருந்தது.

அக்காலத்துக் கொள்கைகளில் மெச்சத்தக்கவை உண்டு. 1938இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் முதலாளிகளின் கூட்டமைப்பும் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பும், ஊதியத்தை அரசின் தலையீடின்றித் தங்களுக்குள் பேசித் தீர்ப்பதென உடன்பாடு செய்துகொண்டன. போருக்குப் பின் கோஸ்தா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் என்ற இரு தொழிற்சங்கப் பொருளியலாளர்கள், ஒரே வேலைக்கு எல்லா ஆலைகளிலும் ஒரே ஊதியம் என்ற திட்டத்தை வகுத்தார்கள். அந்த ஊதியத்தைத் தர இயலாத நலிந்த ஆலை மூடப்படலாம்; அங்கே வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் ஊர்மாறும் செலவும் அரசு தரும். ஆலையைக் காக்காமல் ஆளைக் காத்த இந்தக் கொள்கை, திறமையான நிறுவனங்களை நோக்கித் தொழிலாளர்களைத் தள்ளியது. நலத்திட்டமும் சந்தையும் ஒரே திசையில் இழுத்த காலம் அது.

பிறகு எங்கே கோளாறு வந்தது?

1960களின் நடுவிலிருந்து. அதன் பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வரி வருவாய் நாட்டு உற்பத்தியில் பாதியைத் தொட்டது. அக்காலத்தில் கூடிய வேலைகளில் மிகப் பெரும்பங்கு நகராட்சிகளிலும் மாவட்ட நிர்வாகங்களிலும் கூடியவை. தனியார் துறையில் வேலைகளின் எண்ணிக்கை நகரவே இல்லை. குழந்தை எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன், தம் வருமானத்தின் ஒரு பகுதி மீது 102 விழுக்காடு வரி விதிக்கப்பட்டிருப்பதை 1976இல் ஒரு நாளிதழில் கதையாக எழுதி அம்பலப்படுத்தினார். அவர் வாழ்நாள் முழுவதும் சமூக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர். அந்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகித்த ஆட்சியை இழந்தது. அறைகலன் நிறுவனமான ஐகியாவின் நிறுவனர் இங்வார் கம்ப்ராட் 1973இலேயே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்.

ஆட்சி மாறியும் போக்கு மாறவில்லை. ஆளைக் காப்பது என்ற பழைய கொள்கை கைவிடப்பட்டு, நொடித்துப்போன கப்பல் கட்டும் தளங்களை அரசே வாங்கி, பெருந்தொகை கொட்டிக் காக்க முயன்றது. இதைச் செய்தது வலதுசாரிக் கூட்டணி அரசு என்பதையும் சொல்லியாக வேண்டும். மால்மோ நகரின் கொக்கும்ஸ் தளத்தில் வணிகக் கப்பல் கட்டுவது 1980களில் நின்றது. அந்த நகரத்தின் அடையாளமாக நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற அதன் பாரந்தூக்கி, 2002இல் ஒரு டாலர் விலைக்குத் தென் கொரியாவின் உல்சானுக்குப் போய்ச் சேர்ந்தது. போட்டியில் பின்தங்கிய ஒவ்வொரு முறையும் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துச் சமாளிப்பது வழக்கமாயிற்று. 1982இல் மட்டும் ஒரே அடியில் 16 விழுக்காடு குறைத்தார்கள். நிறுவனங்களின் லாபத்திலிருந்து பணம் எடுத்து, தொழிற்சங்கங்களின் ஆளுகையில் உள்ள நிதியங்கள் வழியே பங்குகளை வாங்கும் திட்டம் 1983இல் சட்டமானபோது, ஸ்டாக்ஹோம் தெருக்களில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். 1970இல் தலா வருமானத்தில் உலகின் முதல் நான்கைந்து நாடுகளுக்குள் இருந்த சுவீடன், 1990களின் நடுவில் பத்தாம் இடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

நல அரசு செழிப்பை உருவாக்குகிறது என்ற வாதத்துக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. நல அரசு மிகப் பெரிதாக இருந்த இருபது ஆண்டுகள்தாம், மற்றப் பணக்கார நாடுகளோடு ஒப்பிடுகையில் சுவீடன் மிக மெதுவாக வளர்ந்த ஆண்டுகள். 1970களின் எண்ணெய் விலையேற்றம் எல்லா நாடுகளையும் தாக்கியது என்பது உண்மையே. ஆனால் எல்லா நாடுகளும் இவ்வாறு பின்தங்கவில்லை.

1990களின் நெருக்கடியிலிருந்து சுவீடன் எப்படி மீண்டது?

1991 முதல் 1993 வரை பொருளாதாரம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சுருங்கியது. வங்கிகள் ஆட்டம் கண்டன. நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்ற மைய வங்கி 1992 செப்டம்பரில் தன் வட்டி விகிதங்களில் ஒன்றை 500 விழுக்காட்டுக்கு உயர்த்தியும் பயனில்லை. நவம்பர் 19 அன்று நாட்டின் நாணயமான குரோனாவைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டார்கள். அரசின் செலவு நாட்டு உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது.

அந்த ஆண்டுகளிலும் அதன் பிறகும் நடந்தவற்றை, சுவீடனைப் புகழ்வோரும் இகழ்வோரும் போதுமான அளவு கவனிப்பதில்லை. 1991இல் வரி முறை மாற்றப்பட்டு, மூலதன வருமானத்துக்கு 30 விழுக்காடு என்ற ஒரே விகிதம் வந்தது. 1992 முதல் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளிக்கும் அரசுப் பணம் போயிற்று. 1993இல் நோய்விடுப்பின் முதல் நாளுக்கு ஊதியம் இல்லை என்றாயிற்று. ஓய்வூதியம், இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதியிலிருந்து, ஒருவர் வாழ்நாளில் செலுத்தியதற்கேற்பப் பெறும் முறைக்கு மாறியது. வாரிசு வரி 2004இன் இறுதியிலும் செல்வ வரி 2007லும் நீக்கப்பட்டன. வாரிசு வரியை நீக்கியது சமூக ஜனநாயக அரசே. இன்று உலகம் வியக்கும் சுவீடன் இந்தத் திருத்தங்களுக்குப் பின் வந்த சுவீடன். நலத்திட்டங்கள் பெரும்பாலும் நிலைத்தன. அவற்றின் கணக்கு சரிசெய்யப்பட்டது.

இவை சோசலிச நாடுகள்தாமே?

இல்லை. 2015இல் அமெரிக்காவில் உரையாற்றிய டென்மார்க் பிரதமர் லார்ஸ் லுக்க ராஸ்முசன், தம் நாடு சந்தைப் பொருளாதார நாடு என்றும், அரசே எல்லாவற்றையும் திட்டமிடும் சோசலிசத்துக்கு அது வெகு தொலைவில் உள்ளது என்றும் விளக்க நேர்ந்தது. மூன்று நாடுகளிலும் சட்டம் நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது.

பணக்காரர்களிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பதுதானே இந்த முறை?

பெரும்பாலும் நடப்பது வேறு: நடுத்தர மக்களிடம் வாங்கி நடுத்தர மக்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். சுவீடனில் மாதம் 35,000 குரோனர் சம்பளம் பெறும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். அவரை வேலைக்கு வைத்திருப்பவர், அந்தச் சம்பளத்துக்கு மேல் 31.42 விழுக்காட்டைச் சமூகப் பாதுகாப்புக் கட்டணமாக அரசுக்குச் செலுத்துகிறார்; அது ஏறத்தாழ 11,000 குரோனர். ஆக, செவிலியருக்கான உண்மைச் செலவு 46,000. அவரது சம்பளத்திலிருந்து நகராட்சியும் மாவட்டமும் எடுக்கும் வருமான வரி, கழிவுகள் போக, அவர் கையில் ஏறத்தாழ 28,000 குரோனரை விட்டுவைக்கிறது. அதில் அவர் சட்டையோ மேசையோ வாங்கினால் 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. மைய அரசின் 20 விழுக்காட்டு வருமான வரி, சராசரிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கை எட்டுமுன்பே தொடங்கிவிடுகிறது.

பணக்காரர்கள் மீது மட்டும் வரி போட்டு இத்தகைய அரசை நடத்திவிடலாம் என்று பிற நாடுகளில் வாக்குறுதி தரும் அரசியல்வாதிகள், இந்தச் சம்பளச் சீட்டை மக்களிடம் காட்டுவதில்லை. அது மக்களை ஏமாற்றுவதாகும் என்றே கருதுகிறேன். வருமான ஏற்றத்தாழ்வு சுவீடனில் குறைவு என்பது சரியே. ஆனால் சொத்தின் ஏற்றத்தாழ்வு அங்கே மிகவும் அதிகம். வாலன்பர்க் போன்ற குடும்பங்களின் கையில் பெருநிறுவனங்களின் கட்டுப்பாடு தலைமுறைகளாக இருந்து வருகிறது.

அப்படியானால் நல அரசால் பொருளாதாரத்துக்கு எந்த நன்மையும் இல்லையா?

உண்டு. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். நலச் செலவுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் இரு தரப்பும் செய்யும் பெரும்பிழை.

1971இல் சுவீடன் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி விதிக்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவர் சம்பளத்துக்கும் தனித்தனியே வரி விதிக்கத் தொடங்கியது. அதுவரை, மனைவி ஈட்டும் முதல் குரோனாவே கணவனின் உயர்ந்த வரி விகிதத்தில் வெட்டுப்பட்டது. 1974இல் மகப்பேற்று விடுப்பு, தாய் தந்தை இருவரும் எடுக்கக்கூடிய பெற்றோர் விடுப்பாக மாறியது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள், அதில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் மற்றவருக்கு மாற்றித்தர முடியாதது. 2002இல் குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. இவை வேலைக்குப் போவதோடு பிணைக்கப்பட்டவை: விடுப்பின்போது கிடைக்கும் தொகை முன்பு வாங்கிய சம்பளத்தைப் பொறுத்தது; ஆகவே முதலில் வேலை, பிறகு குழந்தை என்று திட்டமிடுவது பெண்களுக்கு லாபமாயிற்று. அந்நாட்டில் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த ஒன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேலை செய்யும் கைகளைக் கூட்டும் நலச் செலவு, வரியாகவே திரும்பி வருகிறது. உடல்நிலை நன்றாக இருப்பவரும் முழுச் சம்பளத்தோடு நோய்விடுப்பில் இருக்க வசதி செய்யும் செலவு திரும்பி வருவதில்லை. சுவீடன் இரண்டையும் செய்து பார்த்தது.

டென்மார்க் வேறு வழியில் போயிற்றா?

அங்கே ஒரு நிறுவனம் ஆட்களை எளிதாக வேலையிலிருந்து நீக்கலாம். வேலை இழந்தவர், தாம் விரும்பிச் சேர்ந்து சந்தா கட்டிய வேலையின்மைக் காப்பு நிதியத்திலிருந்து, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பழைய சம்பளத்தின் 90 விழுக்காடு வரை பெறலாம். கூடவே பயிற்சிக்குப் போகவும் வேலை தேடவும் அவர் கடமைப்பட்டவர். 1990களின் நடுவில் இந்த உதவியை ஏழு ஆண்டுகள் வரை பெற முடிந்தது. 2010இல் அது இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. ஒவ்வொரு குறைப்பின்போதும், உதவி முடியும் தேதி நெருங்க நெருங்க வேலைக்குத் திரும்புவோர் அதிகமானதைப் பொருளியலாளர்கள் கண்டார்கள்.

நார்வே இன்றும் செல்வ வரி வாங்குகிறது, பெரிய அரசை நடத்துகிறது, ஆனாலும் எல்லோரையும்விடப் பணக்கார நாடாக இருக்கிறதே?

1969இல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதை ஒதுக்கிவிட்டு நார்வேயைப் பேச முடியாது. எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் 78 விழுக்காடு வரியாகப் போகிறது. 1996இல் முதல் வைப்பைப் பெற்ற எண்ணெய் நிதியம் 2017இல் ஒரு லட்சம் கோடி டாலரைக் கடந்தது; நீண்டகாலச் சராசரியில் அதன் மதிப்பில் ஆண்டுக்கு 3 விழுக்காட்டளவே செலவிட வேண்டும் என்பது விதி. எண்ணெய் கிடைத்த பல நாடுகள் அதனாலேயே சீரழிந்திருக்க, நார்வே அதைப் பேரனுக்கும் பேத்திக்கும் சேமித்தது பாராட்டத்தக்கது. ஆனால் அது நிர்வாக ஒழுக்கத்துக்கான சான்று. அதிக வரி வளம் தரும் என்பதற்கு நார்வேயைச் சான்றாகக் காட்ட முடியாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் யார் முன்னே நிற்கிறார்கள்?

தலா உற்பத்தியில் அமெரிக்கா சுவீடனையும் டென்மார்க்கையும் விஞ்சுகிறது. அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் வழித்தோன்றல்கள், அமெரிக்கச் சராசரியைவிட அதிகம் ஈட்டுகிறார்கள். நல அரசு இல்லாமலேயே அதே மக்கள் செழித்தார்களே என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு; கடல் கடந்து போகத் துணிந்தவர்களைப் போகாதவர்களோடு ஒப்பிடுவதால் அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. தவிர, டென்மார்க்கில் ஒரு தொழிலாளி ஆண்டுக்குச் சுமார் 1,400 மணி நேரம் உழைக்கையில் அமெரிக்கர் 1,800 மணி நேரம் உழைக்கிறார். ஓய்வை விரும்பித் தேர்ந்தெடுத்தவரை ஏழை என்று சொல்வது முறையாகாது.

ஒரே இன மக்கள் என்பதால்தான் அங்கே ஒருவரையொருவர் நம்பி வரி கட்டுகிறார்கள் என்பது உண்மையா?

அந்த நம்பிக்கைக்கு இனத்தைவிடச் சட்டம் முக்கியக் காரணம் என்பதற்குத் தமிழர்களோடு தொடர்புடைய ஒரு நிகழ்வே சான்று. 1980களின் இறுதியில் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தாரை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்றது. வாக்குரிமைகூட இல்லாத சில ஆயிரம் அகதிகளுக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசு கவிழ்ந்த நாட்டில், கட்டிய வரி களவு போகாது என்று குடிமக்கள் நம்புவதில் வியப்பில்லை.

குடியேறியோரைப் பொறுத்தவரை இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. தொழிற்சங்க உடன்பாடுகள் தொடக்க ஊதியத்தை உயரத்தில் வைத்திருப்பதால், மொழியும் சான்றிதழும் இல்லாமல் வருவோரை வேலைக்கு எடுக்க யாரும் எளிதில் முன்வருவதில்லை. வட நார்வேயில் ஃபின்மார்க் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆட்கள் கிடைக்காதிருந்த வேளையில் வந்ததால், முதல் தலைமுறைத் தமிழர்கள் பலருக்கு உடனே வேலை கிடைத்தது. பின்னர் சுவீடனுக்கு வந்த அகதிகளில் பலருக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை. அங்கே பிறந்தோருக்கும் வெளியே பிறந்தோருக்கும் இடையிலான வேலைவாய்ப்பு இடைவெளி இன்றும் பெரிது.

மக்கள்தொகையில் முதியோர் பெருகும்போது இந்த ஏற்பாடு தாங்குமா?

மருத்துவத்தில் நெருக்கடி இப்போதே தெரிகிறது. சிறப்பு மருத்துவரைக் காண 90 நாள், அதன் பின் சிகிச்சைக்கு 90 நாள் என்று சுவீடனில் சட்டப்படி உறுதியளித்திருந்தும், அந்தக் கெடுவுக்குள் முறை வராமல் காத்திருப்போர் ஏராளம். ஓய்வூதியத்தில் நிலைமை சற்றுத் தேவலை. பொறுப்புகளுக்கு ஈடாகச் சொத்து இல்லையென்றால் ஓய்வூதிய உயர்வைத் தானாகக் குறைத்துவிடும் ஒரு ‘பிரேக்’கைச் சுவீடன் தன் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. 2008இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் 2010இல் அது முதன்முறையாக வேலை செய்தது, ஓய்வூதியங்கள் குறைந்தன. அது தேர்தல் ஆண்டு. அரசு கணக்கிடும் முறையைச் சற்று மென்மையாக்கி, ஓய்வூதியர்களின் வருமான வரியைக் குறைத்து அவர்களின் சுமையைத் தணித்தது. பிரேக்கைச் சட்டத்திலிருந்து நீக்கவில்லை. அடுத்த ஆண்டும் அது வேலை செய்தது.